வாங்கி

அன்று காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்:

அம்மா பெரியநாயகி. வீட்டில் இருக்கிற ஒரே மர நாற்காலியில்.

அண்ணன் ராஜாங்கம். பீங்கான் கம்பெனியில் சூளை மேஸ்திரி. சுவரில் சாய்ந்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல்.

அண்ணி வாசுகி. அதே கம்பெனியில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டுகிறவள். அடுக்களை வாசற்படியில். கூடத்துக்குள் வந்து உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

மாமா சாமிக்கண்ணு. அம்மாவின் தம்பி. நெய்வேலியிலிருந்து களிமண் ஏற்றிவந்து கம்பெனிகளுக்குப் போடுகிற லாரிக்காரர். கல்யாண வயதில் சுலோச்சனா என்று ஒரு மகள் இருக்கிறாள். கூட்டமே அவளுக்காகத்தான். ஆனால் அவள் பெயரை அம்மாவோ மாமாவோ எடுக்கமாட்டார்கள்.

அக்கா நீலாவதி. அண்ணனுக்கு இளையவள், எனக்கு மூத்தவள். பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். டாக்டர் பட்டம் வாங்கியவள். வந்த வினை அந்தப் பட்டத்தால்தான்.

நான், விருத்தகிரி. சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு வந்து, அண்ணனின் சூளையிலேயே ராத்திரி ஷிப்டு பார்க்கிறவன். வேலை முடிந்து வந்து குளிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே, கோலமாவுக் கிண்ணத்தோடு, எதிர்வீட்டு ராஜாம்பாள். அவள் வீட்டு வாசலில் கோலம் எப்போதோ போட்டு முடிந்துவிட்டது.

அண்ணியின் அப்பா கோவிந்தராசு அங்கே இல்லை. கருவேப்பிலங்குறிச்சியில்தான் இருந்தார், சொல்லியிருந்தால் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பார். பெண்ணின் வாழ்க்கையைப் பற்றிப் பேச, பெண்ணைப் பெற்றவனுக்குச் சொல்லியனுப்பாத கூட்டம். என்ன முடிவெடுக்கப் போகிறார்கள் என்று அதிலேயே தெரிந்துபோயிற்று எனக்கு.

எழுபத்து நாலாம் வருஷம். அண்ணனுக்குக் கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஓடியிருந்தது, குழந்தை இல்லை. சுலோச்சனாவை இரண்டாந்தாரமாகக் கட்டிவைப்பது என்று அம்மாவும் மாமாவும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். அண்ணியை வெறுமனே துரத்த முடியவில்லை, அதுதான் சிக்கல். தெருவில் அவளுக்கு நல்ல பெயர். சம்பாதித்துக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுக்கிறவள். துரத்தினால் கோவிந்தராசு பஞ்சாயத்துக் கூட்டுவார். ஊர் வாயை மூட ஒரு பெரிய வார்த்தை வேண்டியிருந்தது. அதற்காக, அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று பெங்களூருக்குத் தந்தி அடித்தார்கள்.

பதறிக்கொண்டு வந்த அக்கா, அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அப்போதே திரும்பிப் போயிருக்க வேண்டும். அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் தெருவுக்கு டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர். அக்கா வந்த அன்று மாலையே இருமல், சொறி, மூட்டுவலி என்று ஆள் வர ஆரம்பித்துவிட்டது. மாமா வேட்டியைத் தொடை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு முழங்காலைக் காட்டினார்.

“நான் அந்த டாக்டர் இல்ல மாமா.”

“பின்ன எந்த டாக்டரு? மாட்டு டாக்டரா?”

“ஆட்டு டாக்டர்னு வெச்சிக்கங்க. ஆட்டுக் கர்ப்பப்பையிலதான் என் வேல.”

“அட கருமமே! இதுக்கா பெங்களூருக்குப் போன? இங்க பாய் கடையில சும்மாவே குடுப்பாரே!”

தெருவே சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அவள் சொன்னது வேடிக்கை இல்லை. விடிவதற்கு முன்னால் ஆடு அறுக்கிற இடத்துக்கே போய், கர்ப்பப்பையை ஐஸில் போட்டு வாங்கி வருகிறாள். சூடு பட்டால் அதற்குள் இருக்கும் பொருள் கெட்டுவிடும் என்பதால், ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு குளிர் அறைக்குள் நின்று அதை அரைக்கிறாள், வடிக்கிறாள், இயந்திரத்தில் வைத்துச் சுழற்றுகிறாள். எனக்கு ஒருமுறை ஒழுங்காக விளக்கியிருக்கிறாள். ரத்தத்தில் ஓடுகிற ஹார்மோன் உடம்பு முழுக்கப் போகிறது. கை, கால், மூக்கு எல்லாவற்றுக்கும் போகிறது. ஆனால் கர்ப்பப்பை மட்டும் ஏன் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது? அங்கே இருக்கிற செல்களுக்குள் அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. பிடித்த பிறகு இரண்டும் சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் போகின்றன. அங்கே டி.என்.ஏ.வின்மேல் போய் உட்காருகின்றன. உட்கார்ந்ததும் அந்த இடத்திலிருந்து ஆர்.என்.ஏ. புதிதாக எழுதப்படுகிறது, அதைப் படித்துச் செல் வேலையைத் தொடங்குகிறது. எந்த இடத்தில் உட்காருகின்றன, எப்படி அடையாளம் தெரிகிறது என்பதுதான் அவள் கேள்வி. உலகத்தில் யாருக்கும் இன்னும் சரியாகத் தெரியாது என்று சொன்னபோது அவள் முகம் நன்றாக இருந்தது. ஊரில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அந்தப் புரதத்துக்கு இங்கிலீஷில் ரிசெப்டர் என்று பெயர். தமிழில் சொல்லக் கேட்டபோது, யோசித்து, “வாங்கி” என்றாள். “ஹார்மோன வாங்கிக்கிறது. அதனால வாங்கி. அம்மாவுக்கும் புரியும் பாரு.”

அம்மாவுக்குப் புரிந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கூட்டத்தை மாமாதான் ஆரம்பித்தார்.

“பாப்பா, நாங்கள்லாம் படிக்காதவங்க. நீ படிச்சவ. பொம்பள வயித்த பத்தியே படிச்சிட்டு வந்திருக்க. பெரியவனுக்கு ஒரு புள்ள இல்ல. என்னா காரணம்னு நீதான் சொல்லணும். நீ என்னா சொல்றியோ அதான் எங்களுக்கு.”

நான் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். வேண்டாம், பேசாதே என்று. அவள் கவனிக்கவில்லை. அவளிடம் கேள்வி கேட்டால் போதும், கேட்கிறவனின் நோக்கத்தைப் பார்க்கமாட்டாள், கேள்வியை மட்டும்தான் பார்ப்பாள்.

“அத அப்படி ஒக்காந்த எடத்துலேர்ந்து சொல்ல முடியாது மாமா. நூறு காரணம் இருக்கலாம்.”

“அதுல ஒன்னு சொல்லேன்.”

“டெஸ்ட் பண்ணாம எப்படிச் சொல்றது?”

“சரி, டெஸ்ட்டெல்லாம் வுடு. நீ என்னா வேல செய்யற, அத சொல்லு. எங்களுக்கும் தெரியட்டும். ஊருல கேக்கறாங்க, எங்களுக்குச் சொல்லத் தெரியல.”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. அம்மா கூட நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அக்கா சொன்னாள். கையை விரித்து, மூடி, எனக்குச் சொன்னதைவிட இன்னும் எளிமையாகச் சொன்னாள். ஹார்மோன், வாங்கி, உட்கரு, ஆர்.என்.ஏ. கடைசியில் அம்மாவைப் பார்த்து, “ஹார்மோன் எவ்வளவு ஊறினாலும் பிரயோஜனம் இல்லம்மா. வாங்கி இருக்கணும். வாங்கி இல்லன்னா கர்ப்பப்பை அத வாங்கிக்காது, வளராது, கரு நிக்காது. ஆட்டுல, எலியில எல்லாம் அப்படித்தான்” என்றாள்.

அம்மா மெதுவாகத் திரும்பி அடுக்களை வாசற்படியைப் பார்த்தாள்.

“அதான் நான் அன்னிக்கே சொன்னேன். இவ வயிறு வாங்கலன்னு.”

“அம்மா, நான் அதச் சொல்லல.”

“நீதானடி சொன்ன? வாங்கி இல்லன்னா நிக்காதுன்னு?”

“ஆட்டச் சொன்னேம்மா! அண்ணிய நான் எங்க சொன்னேன்?”

“ஆடுன்னா என்னா, மனுசின்னா என்னா? வயிறு வயிறுதான?”

மாமா இதற்குள் எழுந்துவிட்டார். வெற்றிலை துப்பப் போகிறவர்போல வாசல் பக்கம் போய், தெருவுக்குக் கேட்கிற குரலில், “என்னா ராஜாம்பா, கேட்டியா? எங்க டாக்டரு பொண்ணே சொல்லிடிச்சி. மருமவ வயித்துல வாங்கி இல்லியாம்!” என்றார்.

“என்னாது, வாங்கியா?”

“ஆமாம், வாங்கி. புள்ளைய வாங்குறது. பொறவியிலயே இல்லியாம்.”

“அடிப்பாவி மவளே” என்றாள் ராஜாம்பாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டை நோக்கி நடந்தாள். அவ்வளவுதான். இனி அந்த வார்த்தையை யாரும் திருப்பி எடுக்க முடியாது.

படித்தவர்கள்மேல் எனக்கு இருக்கிற கோபமெல்லாம் அப்போது பொங்கிக்கொண்டு வந்தது. டி.என்.ஏ.வில் எது எங்கே உட்காருகிறது என்று தேடுகிறவளுக்கு, தான் எங்கே உட்கார வைக்கப்பட்டிருக்கிறோம் என்று தெரியவில்லை.

ஆனால் அவள் கோழை இல்லை. எழுந்து நின்றாள்.

“மாமா, உள்ள வாங்க. நான் இன்னும் முடிக்கல. புள்ள இல்லன்னா மொதல்ல ஆம்பளையத்தான் பாக்கணும். அதுதான் சுலபம். ஒரு நாள் வேல. கடலூர் ஆஸ்பத்திரியில பாப்பாங்க. அண்ணன் போயி டெஸ்ட் பண்ணிக்கட்டும்.”

“ஏ!” என்றான் அண்ணன். அன்று காலை அவன் வாயிலிருந்து வந்த முதல் சத்தம்.

“இதுல என்னா இருக்குது அண்ணே? நீ வருஷக்கணக்கா சூளை வாசல்ல நிக்கிற. ஆம்பளைக்கு அந்த எடம் ஒடம்புக்குள்ள இல்லாம வெளிய இருக்கறதே ஏன்? சூடு ஆவாது, அதனாலதான். தெனமும் அவ்ளோ வெக்கையில நின்னா உயிரணு கொறையலாம். நீ கெட்டவன்னு நான் சொல்லல. வெக்கைன்னுதான் சொல்றேன்.”

அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “கூடப் பொறந்தவன பாத்துப் பேசற பேச்சாடி இது? வெக்கங்கெட்டவளே! பொம்பளையா நீ?”

“கல்யாணமே ஆவாத பொண்ணு” என்றார் மாமா. “ஆம்பள எடம் பத்தி எப்படிப் பேசுது பாரு. பெங்களூரு.”

“இவ்ளோ நேரம் அண்ணி எடத்த பத்திப் பேசினீங்களே மாமா, அப்ப வெக்கம் வரலியா?” என்றேன் நான்.

“நீ பேசாத. படிப்ப முடிக்க வக்கில்லாத பய.”

“நானும் அதே சூளை முன்னாலதான் நிக்கிறேன். எனக்கும் பொண்ணு பாக்கறதா அம்மா சொல்லிக்கிட்டிருக்கு. வரவ வயித்துலயும் வாங்கி இல்லன்னு இப்பவே சொல்லி வெச்சிடுங்க. வேல மிச்சம்.”

அண்ணன் பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்து என்மேல் எறிந்தான். எவர்சில்வர். தோளில் பட்டு உருண்டது. எங்கள் வீட்டில் பீங்கானை யாரும் எறியமாட்டோம். அதைச் சுட எவ்வளவு பாடு என்று தெரியும்.

அப்போதுதான் அண்ணி பேசினாள். எழுந்திருக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தபடியே, ஏதோ காய்கறி விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

“கடலூருக்கு நான் போயிட்டு வந்துட்டேன்.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“மாசிமகத்துக்கு அப்பா வூட்டுக்குப் போனன்ல, அந்த வருஷம். எங்கப்பாதான் கூட்டிட்டுப் போனாரு. எல்லாம் பாத்தாங்க. அப்பா வெளிய நின்னாரு, எங்கிட்டதான் உனக்கு ஒன்னும் இல்லம்மான்னாங்க. வூட்டுக்காரர கூட்டிட்டு வாம்மான்னாங்க. நான் வந்து இவருகிட்ட சொன்னேன். வரமாட்டேன்னாரு. வெளிய சொன்னா கொன்னுடுவேன்னாரு. எங்கப்பாகிட்ட, வூட்டுக்காரரும் வந்து பாத்துக்கிட்டாரு, ரெண்டு பேருக்கும் ஒன்னும் இல்லியாம், புள்ள பொறக்க நாளாவுமாம்னு சொல்லச் சொன்னாரு. அப்படியே சொன்னேன்.”

அக்கா அண்ணனைப் பார்த்தாள். “உனக்குத் தெரியுமா? தெரிஞ்சிக்கிட்டா இவ்ளோ நேரம் ஒக்காந்திருந்த?”

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவன். சூளையில் எண்ணெய் எப்போது கூட்டணும், எப்போது குறைக்கணும் என்று சொல்லிக்கொடுத்தவன். சூளைக்குள் ஒரு ஜாடி வெடித்தால் வெளியே நின்றே சத்தத்தை வைத்து எந்த அடுக்கு என்று சொல்வான். மனைவியை வெளியே தள்ளுகிறார்கள், சத்தம் காதில் விழாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

இதற்குமேல் கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். உண்மை தெரிந்துவிட்டது, இனி என்ன? நான் முட்டாள். அவர்களுக்கு உண்மை வேண்டியிருந்தால் அல்லவா.

அம்மா அழவில்லை, கத்தவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“தெருவுக்கு ஒன்னு சொல்லியாச்சி. அதுதான். இப்பப் போயி என் புள்ளைக்குக் கொறைன்னு சொன்னா, நாளைக்கு அவன் கம்பெனி வாசல்ல தல நிமுந்து நிப்பானா? அவனுக்குக் கீழ வேல செய்யறவன் மதிப்பானா? பொம்பளைக்குக் கொறைன்னா ரெண்டு நாளு பேசுவாங்க, மறந்துடுவாங்க. ஆம்பளைக்குன்னா சாவற வரைக்கும் பேசுவாங்க.”

“சுலோச்சனா வந்தும் புள்ள இல்லன்னா?” என்றாள் அக்கா.

முதல்முறையாக அந்தப் பெயர். அக்காவுக்கும் இப்போது எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. மாமா இருமினார். அவரைக் கவனித்தேன். கணக்குப் போட்டுப் பார்க்கிறார் என்று தோன்றியது. மகளை அந்தச் சூளைக்கு முன்னால் நிற்கிறவனுக்கே கொடுக்கப் போகிறார், சற்றுமுன் எல்லாம் கேட்ட பிறகும். மேஸ்திரி மருமகனானால் அவர் களிமண்ணை ஈரம் பார்க்காமல், தண்ணீர் எடைக்கும் சேர்த்துக் காசு கொடுத்து இறக்கிக்கொள்வார்கள். இருமி முடித்து, “அதெல்லாம் ஆண்டவன் செயலு” என்றார்.

அண்ணி எழுந்து உள்ளே போனாள். தகரப்பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. அம்மா தடுக்கவில்லை. அம்மாவுக்கு அதுதான் தேவைப்பட்டது, தானாகப் போனாள் என்று சொல்லிக்கொள்ளலாம். வெளியே வந்த அண்ணி பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்தாள். கழுத்தில் தாலி இருந்தது. அதை எதுவும் செய்யவில்லை. செய்வாள் என்று மாமா எதிர்பார்த்த மாதிரி இருந்தது.

“அண்ணி, போவாதீங்க” என்றாள் அக்கா. “பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. இன்னொரு தடவ ஒங்கள நல்லா பாத்து…”

“எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? எனக்கு ஒன்னும் இல்லன்னு இப்பதான சொன்னேன்.”

அண்ணி அவள் பக்கம் திரும்பினாள்.

“நீ எனக்கு ஒன்னு செய் நீலா. ராஜாம்பா இன்னிக்குள்ள மங்கலம்பேட்டை வரைக்கும் சொல்லிடுவா, டாக்டரு சொன்னான்னு. எங்கப்பா காதுக்கு நாளைக்குள்ள போயிடும். அவரு நம்பிடுவாரு. நான் எத்தன சொன்னாலும், படிச்ச பொண்ணு சொல்லிச்சேம்மான்னுதான் கேப்பாரு. நான் பொய் சொல்லிட்டேன்னு நெனப்பாரு. உன் வாயாலதான கெட்டுச்சி? உன் வாயாலயே வந்து சொல்லு. எங்கப்பா முன்னால. எங்க ஊரு நாலு பேரு முன்னால.”

“என்னான்னு சொல்லணும்?”

“நீ என்னா கண்டியோ அத. நெஜத்த. கூட்டிக் கொறைக்க வாணாம்.”

நான் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினேன். கோபம் வந்தால் எனக்கு எதையாவது தூக்க வேண்டும். பெட்டி லேசாக இருந்தது. இத்தனை வருஷம் சம்பாதித்தவளின் பெட்டி. அண்ணி பின்னாலேயே வந்து இறங்கினாள். அக்கம்பக்கத்துத் திண்ணைகளில் ஆள் சேர்ந்திருந்தது. ஒருத்தி வாய்க்குள் ஏதோ சொல்ல, இன்னொருத்தி அண்ணியின் வயிற்றைப் பார்த்தாள். புதிதாக ஒரு பொருள் பெயரைக் கற்றுக்கொண்டவர்கள் அந்தப் பொருளைத் தேடுகிற பார்வை. அண்ணி முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. நேராக நின்றாள்.

உள்ளே அக்கா தன் பையை எடுப்பது தெரிந்தது. பெங்களூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த அதே துணிப்பை.

“நீ எங்கடி போற?” என்றாள் அம்மா.

“கருவேப்பிலங்குறிச்சிக்கு.”

“போயி என்னா சொல்லப்போற? உன் அண்ணன் ஆம்பள இல்லன்னா?”

“அப்படி யாரும் சொல்லலம்மா. அண்ணிக்குக் கொறையில்ல, அண்ணன் டெஸ்ட் பண்ணிக்கல. இத சொல்வேன். இதான் தெரிஞ்ச விஷயம்.”

“ரெண்டும் ஒன்னுதாண்டி!” அம்மாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. “வயித்தக் கட்டி, வாயக் கட்டி உன்னப் படிக்க வெச்சது இதுக்கா? இந்தத் தெருவுல எந்தப் பொண்ணு உன்ன மாதிரி படிச்சிது? எங் குடும்பத்த சந்தி சிரிக்க வெக்கவா?”

“படிக்க வெச்ச. நான் இல்லங்கல. அதுக்காகப் பொய் சொல்ல முடியாது.”

“உன்ன யாரு பொய் சொல்லச் சொன்னா? பேசாம இருன்னுதான் சொல்றேன்.”

அக்கா அண்ணன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீ ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா நான் போவ வேண்டியதில்ல. நீயே வந்து அவங்கப்பாகிட்ட சொல்லிடு.”

தெருவிலிருந்து எனக்கு அவன் தெரியவில்லை, கால் மட்டும் தெரிந்தது. சூளைத் தணல் பட்டுத் தழும்பேறிய கால். அது நகரவில்லை. அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். சோதனையில் ஏதாவது நடக்குமா என்று அவள் காத்திருப்பதும் இப்படித்தான் இருக்கும். பிறகு செருப்பை மாட்டினாள்.

“வாசப்படி தாண்டினீன்னா இந்த வூடு உனக்கு இல்ல” என்றாள் அம்மா. “எனக்குப் பொண்ணு பொறக்கல, படிக்கல, டாக்டரு ஆவலன்னு நெனச்சிக்கறேன்.”

“சரிம்மா” என்றாள் அக்கா.

அவ்வளவுதான் சொன்னாள். வெளியே வந்தாள். திண்ணைகளில் இருந்தவர்கள் அவளுக்காக எழுந்து நின்றார்கள், டாக்டர் ஆயிற்றே. அவள் அவர்களைப் பார்த்து நின்று, சத்தமாக, “வாங்கின்னு ஒங்ககிட்ட சொன்னாங்களே, அது பொய். நான் அப்படிச் சொல்லல. அண்ணிக்கு ஒரு கொறையும் இல்ல” என்றாள். ராஜாம்பாள், “அண்ணிய வுட்டுக்குடுக்க மனசு வரல பாரு, தங்கமான பொண்ணு” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

“பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றாள் அண்ணி.

அக்கா கடைசிப் படியிலிருந்து காலை எடுத்தாள். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தினாள். உள்ளேயிருந்து பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.